வாரேனுங்க

அன்புள்ள அம்மாவுக்கு லோகப்பிரியா எழுதுவது. அப்பாவின் முட்டிவலி குறைந்ததா? கிளாஸ்கோவில் நாங்கள் இருவரும் சுகம்.

எங்கள் வீட்டுச் சாவியை எதிர்வீட்டு மார்கரெட் அக்காதான் வாங்கி வைத்திருந்தார். வந்திறங்கிய அன்று அதைப் பெற்றுக்கொண்டு கிளம்பும்போது உங்கள் மாப்பிள்ளை, நம்மூர் "வாரேனுங்க"வை அப்படியே "ஐ வில் கம்" என்றுவிட்டார். அக்கா அதை நம்பி எங்களுக்கும் சேர்த்து சூப் வைத்துக் காத்திருந்து, ஏழு மணிக்குக் கதவைத் தட்டினார்.

"அம்மணி, நம்ம பேச்சு இங்க செல்லாதாட்ட இருக்குது" என்று மாப்பிள்ளை நெளிந்தார். அன்று எங்களிடம் அடுப்புகூட இல்லை. வயிறு நிறைந்தது, புண்ணியவதியால்.

அரிசிம்பருப்புச் சாதத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்று எழுதுங்கள். அக்காவைச் சாப்பிடக் கூப்பிட வேண்டும்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஏர்போர்ட்டில் நானும் உங்களிடம் "வாரேம்மா" என்றேனே, அது பழக்கத்தில் சொன்னதல்ல.

உங்கள் லோகு