பட்டாம்பூச்சிகளைப் பற்றி நீங்கள் சொல்லாதது

அண்ணே,

இன்று காலை எழுந்ததும் கிணற்றடியில் உடைந்து கிடந்த ஜாடிச் சில்லுகளைப் பொறுக்கினேன். கூனி இறாலை உப்பிட்டு இடித்து, பர்மாவில் நீங்கள் தின்ற ஞப்பியை உங்களோடு வந்த பெண் அதில் போட்டு வைத்திருந்தாள். நேற்று மதினி அதைத் தூக்கி எறிந்தார். "ஏளா பர்மாக்காரி, வீட்டை நாறடிக்கியா?" கடற்கரையிலிருந்து கடைத்தெருவரை மீன் காயும் ஊர் இது. நம் அடுக்களையிலும் கருவாடு தொங்குகிறது.

ரங்கூனில் குண்டு விழுந்தபின் மலைகள் வழியே நடந்து நீங்கள் வந்து சேர்ந்தபோது, பின்னால் அவள் நின்றாள். பதினான்கு வயதிருக்கும். மதினி கேட்பதற்குள் நீங்களே சொன்னீர்கள்: "வழியில கெடந்த பிள்ளை. ஆருமில்ல. வீட்டு வேலைக்கு ஆவும்." அவளுக்குத் தமிழ் தெரியும் என்பதை, அவள் தலை குனிந்ததில் கண்டுகொண்டேன்.

சாயங்காலமானால் வீட்டில் கூட்டம். ஐராவதியில் படகைத் தட்டினால் ஓங்கில் என்ற டால்பின்கள் வந்து மீனை வலைப்பக்கம் விரட்டுவதைச் சொன்னீர்கள். ஷான் மலைக்காரர்களின் சந்தை, விடியலில் மர உச்சியில் ஜோடியாகக் கூவும் வாலில்லாக் குரங்குகள், சோறு போட்டுப் படுக்க இடம் தந்த நாகா மலைவாசிகள்.

"செத்துக் கெடந்தவுக மேல பட்டாம்பூச்சி மொய்க்கும் பாத்துக்கிடுங்க. பூப்போட்ட சீலை போத்துன கணக்கா!"

"உம்ம பேச்சைக் கேட்டா சினிமாவுக்கே போவாண்டாம்வே" என்றார் அடுத்த வீட்டு அண்ணாச்சி. எல்லோரும் சிரித்தார்கள். செம்பில் தண்ணீர் கொண்டுவந்தவள் அதை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பினாள்.

அடுக்களையில் போய் ஏன் என்று கேட்டேன். "அது எங்க அம்மா" என்றாள். "ஐயா பூச்சியை விரட்டி விரட்டி அழுதாக."

மறுநாள் உங்களிடம் கேட்டபோது, "மெல்லப் பேசு, ஒம் மைனி காதுல விழுந்துரும்" என்றீர்கள். ஆற்றையும் மலையையும் குரங்கையும் சொன்ன வாய், பதினைந்து வருஷம் உங்களுக்குச் சோறாக்கிப் போட்டவளின் பெயரைச் சொல்லவில்லை. சாகும்போதும் பெற்ற மகளை, வேலைக்காரியைப் போல உங்களை "ஐயா" என்றே கூப்பிட வைத்தீர்கள். தாலி இழந்து உட்கார்ந்திருந்த மதினியிடம் இதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவருக்குத் தெரியும் என்றே நினைக்கிறேன். அந்தப் பெண்ணுக்கு உங்கள் மூக்கு.

நாளை ஓட்டப்பிடாரத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளை பலசரக்குக் கடைக்காரர். என்னைவிட மூத்தவர். இவள் மூன்றாம் தாரம். "அநாதைப் பிள்ளைக்கு இது போதாதா? நீ படிச்சவ, நீயே சொல்லு" என்கிறார் மதினி.

வகுப்பில் பர்மா பாடம் வரும்போது உங்கள் ஓங்கில்களைச் சொல்கிறேன். பிள்ளைகள் வாய் பிளந்து கேட்கிறார்கள். பட்டாம்பூச்சிகளைச் சொன்னதில்லை. நான் பார்த்திராத அந்த மலைகளும் அவளும்தான் நீங்கள் எனக்கு விட்டுப்போனவை.

நாளை வருகிறவர்கள் பெண் யாரென்று கேட்பார்கள். மதினி வாய் திறக்குமுன் உங்கள் பெயரைச் சொல்லி, இவள் அவர் மகள் என்று சொல்லப்போகிறேன். அதன்பின் இந்த வீட்டில் எங்கள் இருவருக்கும் இடமிராது. என் சம்பளத்தில் இரண்டு பேர் சாப்பிடலாம். இதை இன்னும் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடமும்.