ஐந்து இரவு, பத்துக் கட்டில்

ஜனவரி 19

அன்புள்ள சர்வேயருக்கு,

கண்ணாடிக்காரி எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். நீங்களும் நன்றாக இருப்பதாகத்தான் எழுதுவீர்கள், நான் நம்ப மாட்டேன். இருமல் நின்றதா? சுரங்கப்பாதைக்குள் போகும்போது மூக்கில் துணி கட்டுகிறீர்களா, இல்லை பையிலேயே வைத்திருக்கிறீர்களா?

பாஸ்போர்ட் இரண்டும் வந்துவிட்டன. என் படத்தைப் பார்த்த முதலாளியம்மா, "ஏம்மா, யாராவது மிரட்டி எடுத்தாங்களா?" என்றார். உங்கள் படம் அதைவிட மோசம். காணவில்லை விளம்பரத்துக்குக்கூட ஒத்துக்கொள்ள மாட்டார்கள்.

நாம் வெளிநாடு போகப்போகிறோம் என்று கடையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். பவர் பார்க்க வந்த பெரியவரிடம்கூடச் சொன்னேன். அவர் எழுத்துப் பலகையைப் படிப்பதை நிறுத்திவிட்டு, "எத்தனை வருஷமாச்சு கல்யாணமாகி?" என்று கேட்டார். பதினான்கு என்றேன். "இப்பத்தான் கூட்டிட்டுப் போறாரா?" என்றார். உங்கள் மானத்தைக் காப்பாற்ற, நடுவில் நாலைந்து இடம் போயிருப்பதாகப் புளுகினேன்.

எங்கே போனாலும் எனக்குச் சம்மதம். ஒன்றே ஒன்று மட்டும் வேண்டும். கடையில் பணப்பெட்டிக்கு மேலே பழைய காலண்டர் ஒன்று மாட்டியிருக்கிறதே, ஆற்றங்கரையில் பச்சை பெஞ்சு போட்ட படம்? அந்த ஊரில் ஒரு காலை வேளை. அலாரம் இல்லாமல் எழுந்து, இரண்டு பேரும் அந்த பெஞ்சில் வெட்டியாக உட்கார்ந்திருக்க வேண்டும். நீங்கள் கடிகாரம் பார்க்கக் கூடாது. பேசினாலும் சரி, பேசாவிட்டாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் கண்ணாடிக்காரி

பிப்ரவரி 3

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

கடிதம் சனிக்கிழமை ஆபீஸ் வேனில் வந்தது. இருமல் இல்லை. இருந்தது, இப்போது இல்லை.

இத்துடன் ஒரு கிராஃப் தாள் வைத்திருக்கிறேன். மூன்று நகரம் என்றுதானே பேசினோம்? உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். அதே பட்ஜெட்டில் ஐந்து போகலாம்! ஒன்பது நாள், எட்டு இரவு. அதில் மூன்று இரவு பஸ்ஸிலேயே கழிந்துவிடும், ரூம் வாடகை மிச்சம். அந்த ஊர்ப் பெயர்கள் நம் வாயில் நுழையாது என்பதால் கோட்டை ஊர், மணிக்கூண்டு ஊர், உன் ஆற்று ஊர், துறைமுக ஊர், மலை ஊர் என்று குறித்திருக்கிறேன். சிவப்புக் கோடு பஸ், நீலக் கோடு நடை. ஆளுக்கு ஏழு கிலோவுக்கு மேல் பை கூடாது, கூடினால் விமானத்தில் தனிக் கட்டணம் தீட்டிவிடுவார்கள்.

நான் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து இருவரும் கிளம்புவது வீண் அலைச்சல். மே 24 காலை விமான நிலையத்திலேயே சந்திப்போம். இரண்டாவது வாசல், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில்.

தாளைப் பார்த்த மெஸ் அண்ணன், "இது டூரா, இல்ல இன்னொரு டனலா?" என்று கேட்டார். வயிற்றெரிச்சல்.

நீ கேட்ட பெஞ்சும் இருக்கிறது, பார். ஆற்று ஊர்: மாலை 6.40 வருகை, காலை 6.15 புறப்பாடு.

அன்புடன்,
உன் சர்வேயர்

பிப்ரவரி 21

அன்புள்ள சர்வேயருக்கு,

கிராஃப் தாளைச் சாப்பாட்டு மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டேன். சாப்பிடும்போதெல்லாம் சிவப்புக் கோட்டில் பயணம் செய்கிறேன். இதற்குள் நான்கு முறை போய் வந்தாகிவிட்டது.

மாலை 6.40, காலை 6.15. ஐயா, நான் கேட்டது காலை வேளை. நீங்கள் கொடுத்திருப்பது ஓர் இருட்டு. அந்த பெஞ்சைக் கையால் தடவித்தான் பார்க்க வேண்டும். சரி, உங்கள் இஷ்டம். எனக்கு ஊர் சுற்றுவதில் என்ன அனுபவம் இருக்கிறது?

பையை முதலாளியம்மா வீட்டுத் தராசில் நிறுத்தேன். ஆறே முக்கால். உங்கள் ஸ்வெட்டரையும் என் பையில் வைத்துத்தான் அந்த எடை. நடந்து பழக வேண்டும் என்று தினமும் கடையிலிருந்து ஆஸ்பத்திரி வரைக்கும் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வருகிறேன். புது ஷூ கடிக்கிறது.

இன்னொரு விஷயம். இங்கே உங்கள் தலைமை அலுவலகத்து வரைபடப் பிரிவில் மறுபடியும் இடம் காலியாம். உங்கள் பழைய அதிகாரி மனைவி கண்ணாடி மாற்ற வந்தபோது சொன்னார். போன வருஷம் "இந்த டனல் முடியட்டும்" என்றீர்கள். ஜூனில் முடிகிறதல்லவா? வீட்டில் இருப்பதே இரண்டு பேர், அதிலும் ஒருவர் எப்போதும் லீவு. இதை எழுத்தில் கேட்கத் தைரியம் வருகிறது, போனில் உங்களுக்குப் பின்னால் பத்துப் பேர் நிற்கிறார்கள். அங்கே போனதும் நேரில் சொல்லுங்கள். பெஞ்சில் உட்கார்ந்து சொன்னால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
கண்ணாடிக்காரி

மார்ச் 16

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

எல்லாம் முடிந்தது! விமானம், பஸ், தங்கும் இடம், அத்தனைக்கும் பணம் கட்டிவிட்டேன். ரத்து செய்தால் ஒரு பைசா திரும்பாது. அதனால்தான் அவ்வளவு மலிவு. தங்குவதற்கு ஒதுக்கியதில் பாதிகூட ஆகவில்லை. எப்படி என்று நீயே பார்த்து ஆச்சரியப்படு. காகிதம் எல்லாம் இத்துடன் வரும் பழுப்பு உறையில் இருக்கிறது, பத்திரம்.

டனலில் இன்னும் நாற்பது மீட்டர்தான் பாக்கி. இரண்டு பக்கமிருந்தும் குடைந்து வருகிறோம். நடுவில் சந்திக்கும்போது ஒரு விரல் அகலம்கூட விலகக் கூடாது. விலகாது. என் அளவு அது.

ஷூ கடித்தால் குதிகாலில் பஞ்சு வை. வரைபடப் பிரிவு விஷயம் நேரில்.

அன்புடன்,
உன் சர்வேயர்

ஏப்ரல் 4

அன்புள்ளவருக்கு,

பழுப்பு உறையை இரண்டு வாரம் பிரிக்கவில்லை. பள்ளிக்கூடங்களில் கண் பரிசோதனை முகாம், ஒரு நாளைக்கு இருநூறு பிள்ளைகள். நேற்றுத்தான் கடையில் கூட்டம் குறைந்ததும் பிரித்தேன். எழுத்து எறும்பு மாதிரி இருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன்.

முதல் தாளில் உங்கள் பெயருக்கு நேரே ஆண்கள் பகுதி, கட்டில் ஒன்று. என் பெயருக்கு நேரே பெண்கள் பகுதி, கட்டில் ஒன்று. வேறு யாருடைய சீட்டோ மாறி வந்துவிட்டது என்று நினைத்தேன். அடுத்த தாளும் அப்படித்தான். ஐந்து ஊர், ஐந்து இரவு, பத்துக் கட்டில். எட்டுப் பெண்கள் படுக்கும் அறையில் நான் ஒருத்தி. நீங்கள் வேறு மாடியில்.

முதலாளியம்மா, "என்னம்மா, ரூம்ல இருந்து மலை தெரியுமா, ஆறு தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்று சொல்லிவிட்டுக் காகிதத்தை மடித்து வைத்தேன்.

கோபமாக எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். வரவில்லை. வெட்கமாக இருக்கிறது. பதினான்கு வருஷமாக நீங்கள் ஆண்கள் குவார்ட்டர்ஸில், நான் இங்கே. அதற்கு வேலை காரணம். இதற்கு என்ன காரணம் சொல்லிக்கொள்வது?

ஐந்தையும் மாற்றச் சொல்லவில்லை. ஆற்று ஊரில் மட்டும் ஓர் அறை. ஜன்னல்கூட வேண்டாம், கதவு இருந்தால் போதும். வேறு இரண்டு ஊரைக் குறைத்துவிடுங்கள். நான் அவற்றைக் கேட்கவே இல்லை.

உங்கள்
கண்ணாடிக்காரி

ஏப்ரல் 20

அன்புள்ள கண்ணாடிக்காரிக்கு,

உன் கடிதம் எனக்குச் சங்கடமாக இருந்தது. மாற்ற முடியாது என்று முன்பே எழுதியிருந்தேன். மாற்றினால் கட்டியது போய்விடும், புதிதாகவும் கட்ட வேண்டும். யோசித்துப் பார். படுத்துத் தூங்கும் ஆறு மணி நேரத்துக்குத் தனி அறை எதற்கு? விடிந்தால் ராத்திரி வரைக்கும் ஒன்றாகத்தானே சுற்றப்போகிறோம்? இதைப் போய் இவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வாய் என்று நினைக்கவில்லை.

நேரில் சொல்லலாம் என்று இருந்தேன், கேட்டுவிட்டாய், எழுதிவிடுகிறேன். அடுத்த டனலுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். இரண்டே வருஷம். சம்பளத்துக்கு மேல் படியும் அதிகம். இந்தப் பயணச் செலவு முழுவதும் அதில் வந்துவிடும், அடுத்த முறை நீ கேட்கிற மாதிரி அறையே எடுத்துவிடலாம். வரைபடப் பிரிவு எங்கே ஓடிவிடப்போகிறது?

மே 24, இரண்டாவது வாசல். பாஸ்போர்ட்டை மறந்துவிடாதே.

அன்புடன்,
சர்வேயர்

மே 7

அன்புள்ளவருக்கு,

நான் வரவில்லை.

உங்கள் பாஸ்போர்ட், பழுப்பு உறை, ஸ்வெட்டர், இருமல் மருந்து, என் பையில் இருந்த உங்கள் சாமான் எல்லாவற்றையும் கட்டி வேன் டிரைவரிடம் கொடுத்திருக்கிறேன். எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள். நீங்கள் போய்விட்டு வாருங்கள். கட்டிய பணம் வீணாகக் கூடாது, அது உங்களுக்குத் தாங்காது.

கட்டிலுக்காக மட்டும் இல்லை. இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடும்போது என் ஞாபகம் வந்ததா என்று நினைத்து நினைத்துப் பார்த்தேன். வந்திருந்தால் கஷ்டம். வராமல் இருந்திருந்தால் அதைவிடக் கஷ்டம். எனக்கும் பங்கு இருக்கிறது. உங்கள் இஷ்டம், உங்கள் இஷ்டம் என்று சொல்லியே பழக்கிவிட்டேன்.

மேஜைக் கண்ணாடிக்கு அடியில் இருந்த கிராஃப் தாளையும் வைத்திருக்கிறேன். வழியில் தேவைப்படும்.

கண்ணாடிக்காரி

மே 28
ஆற்று ஊர்

என் கண்ணாடிக்காரிக்கு,

24ஆம் தேதி இரண்டாவது வாசலில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் கடைசி அழைப்பு வரைக்கும் நின்றேன். நீ வந்துவிடுவாய் என்றுதான் நினைத்தேன். உன்னை எனக்குத் தெரியும் என்ற எண்ணம்.

ஒவ்வொரு விடுதியிலும் இரண்டு பேருக்குப் பதிவு என்பதால் இரண்டு விரிப்பு, இரண்டு சாவி கொடுக்கிறார்கள். முதல் ஊரில், மனைவி பின்னால் வருகிறாள் என்று வரவேற்பில் பொய் சொன்னேன். காலையில் உன் விரிப்பை மடிப்புக் கலையாமல் திருப்பிக் கொடுத்தேன். நேற்று இங்கே வந்தபோது பொய் சொல்லத் தெம்பில்லை. மேஜையில் இருந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த அரைகுறை மொழியில், என் மனைவியின் கட்டிலை ஒரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன். பணம் கட்டிய கட்டில்தான், ஆனால் அந்த மாடிக்கு ஆண்கள் போகக் கூடாதாம். என் முகத்தைப் பார்த்துவிட்டு அவரே மேலே ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். ஜன்னல் ஓரக் கட்டிலாம். படுத்தபடியே ஆறு தெரியுமாம். என் கட்டிலுக்கு நேரே சுவர்.

இன்று 6.15 பஸ்ஸை விட்டுவிட்டேன். உன் பெஞ்சில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பச்சை பெயின்ட் உரிந்திருக்கிறது. கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டேன்.

இங்கே உட்கார்ந்துதான் எனக்குப் புரிந்தது. அந்தப் படிவத்தில் ஆண்கள் பகுதி, பெண்கள் பகுதி என்று நிரப்பியபோது எனக்கு அது தப்பாகவே படவில்லை. மலிவு என்று சந்தோஷப்பட்டேன். பெண்டாட்டியோடு முதல் முறையாக வெளிநாடு போகிறவனுக்கு அது தப்பாகப் படாமல் போயிற்றே, அதுதான் தப்பு. பாறைக்குள் விரல் அகலம் விலகாமல் அளக்கிறேன் என்று பீற்றிக்கொண்டேன். என் வீட்டை நான் அளந்து பார்க்கவே இல்லை. என்னை மன்னித்துவிடு.

மீதி இரண்டு ஊருக்கும் போகவில்லை. அடுத்த டனலுக்குப் போட்ட கையெழுத்தைத் திரும்ப வாங்க முடியுமா என்று கேட்டு இங்கிருந்தே அலுவலகத்துக்கு எழுதுகிறேன். வரைபடப் பிரிவில் இடம் இன்னும் இருக்குமா? அந்த அதிகாரி மனைவியிடம் நீ ஒரு வார்த்தை கேட்க முடியுமா? ஒரு வரி பதில் போடு.

உன் சர்வேயர்

ஜூன் 14

அன்புள்ள சர்வேயருக்கு,

கடிதம் வந்தது. மூன்று முறை படித்தேன், பூதக்கண்ணாடி இல்லாமல். அழுதேன், அதை மறைப்பானேன்? இந்தக் கடிதத்தை நீங்கள் மார்ச்சில் எழுதியிருந்தால் பெஞ்சும் வேண்டாம், ஆறும் வேண்டாம், பஸ் ஸ்டாண்டில் உட்காரச் சொன்னாலும் வந்திருப்பேன்.

வரைபடப் பிரிவில் வேறு ஆள் சேர்ந்துவிட்டாராம். கேட்டுவிட்டேன்.

முதலாளியம்மா வேறு ஊரில் கிளை திறக்கிறார். பார்த்துக்கொள்ள என்னைப் போகச் சொன்னார், ஒத்துக்கொண்டேன். உங்கள் கடிதம் வந்து சேர்வதற்கு நான்கு நாள் முன்னால். கடைக்கு மேலேயே ஓர் அறை, ஒரு கட்டில் போடும் அளவுதான். வாடகைப் படிவத்தில் எத்தனை பேர் என்று கேட்டிருந்தார்கள். ஒருவர் என்று எழுதினேன். எழுதும்போது எனக்கும் அது தப்பாகப் படவில்லை. வீட்டுக்கு வந்த பிறகுதான் என்ன எழுதினேன் என்று உறைத்தது.

உங்கள் மேல் கோபம் இல்லை. உங்களை நினைக்காத நாளும் இல்லை. ஆனால் இனிமேல் யாருக்காகவும் வாசலில் காத்திருக்க என்னால் முடியாது.

வீட்டுச் சாவி முதலாளியம்மாவிடம் இருக்கிறது. புது விலாசம் பின்பக்கம். லீவில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே எழுதுங்கள். பக்கத்துத் தெருவில் ஆண்களுக்கான விடுதி ஒன்று இருக்கிறது, ஒரு கட்டில் சொல்லி வைக்கிறேன். சுத்தமான இடம், வாடகையும் குறைவுதான்.

கண்ணாடிக்காரி