ஜெமியின் மஞ்சள் குல்லா

பட்டாபிராம்,
16 அக்டோபர் 2025, வியாழன்

அன்புள்ள அம்மாவுக்கு,

எப்சிபா எழுதுகிறேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பெரியவர்களுக்கு எழுதும்போது 'நீங்கள்' என்றுதான் எழுத வேண்டும் என்று தமிழ் மிஸ் சொல்லியிருக்கிறார். நான்கு வரி அப்படி எழுதிப் பார்த்தேன். வேறு யாருக்கோ எழுதுவது போல இருந்தது. கிழித்துப் போட்டுவிட்டேன். வீட்டில் கூப்பிடுவது போலவே எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

ஜெப வீட்டில் எல்லோருடைய போனையும் பாஸ்டரம்மா வாங்கி வைத்துக்கொள்வார் என்று சுலோசனா அத்தை சொன்னார். அத்தை வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு மாங்காடு வழியாகத்தான் அங்கே வருகிறார். அவர் கையில் இதைக் கொடுத்து அனுப்புகிறேன். பதில் எழுதி அவரிடமே கொடு. சின்னதாக இருந்தாலும் போதும்.

இன்று நீ போய் இருபத்தைந்தாவது நாள். நாங்கள் நன்றாக இருக்கிறோம். அப்பா காலை ஷிப்ட்டுக்கு ஐந்தரை ரயிலில் அம்பத்தூர் போகிறார். நான் சோறும் ஒரு குழம்பும் வைத்துவிட்டு, ஜெமியைப் பக்கத்து வீட்டு பானுப்பிரியா அக்காவிடம் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறேன். அக்கா ஒரு குறையும் சொல்வதில்லை. நேற்று மட்டும், "இன்னா எப்சி, ஒந்தங்கச்சி என் ஊட்டு சாமி ரூம்ல பூந்து குங்குமத்த எட்து மூஞ்சில அப்பிகினா. பாஸ்டர் பாத்தா என்னத்தான் திட்டுவாரு" என்று சிரித்தார். நான் ஜெமியின் முகத்தைக் கழுவினேன். மூக்கில் மட்டும் சிவப்பு போகவில்லை. அப்படியே குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தாள்.

ஜெபத்தில் அவள் புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். அப்பா மூச்சு விட நிறுத்தும் இடத்திலெல்லாம் 'ஆமென்' சொல்கிறாள். அப்பா ஜெபத்தை முடித்துவிட வேண்டும் என்பதுதான் அவள் எண்ணம். உன் பெயர் வருவதற்குள் நான்கு ஆமென் ஆகிவிடுகிறது.

உன்னிடம் மூன்று விஷயம் கேட்க வேண்டும். ஒன்று, குக்கரில் அரிசிக்கு எவ்வளவு தண்ணீர்? ஒரு நாள் கஞ்சியாகிறது, ஒரு நாள் பருக்கை நிற்கிறது. இரண்டு, ஜெமி தூங்க நீ எந்தப் பாட்டைப் பாடுவாய்? எனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் பாடிவிட்டேன், அவள் தலையை ஆட்டுகிறாள். மூன்று, அவளுடைய மஞ்சள் குல்லா எங்கே? மழை ஆரம்பித்துவிட்டது. பீரோ முழுக்கத் தேடினேன். கீழ் டிராயரை மட்டும் திறந்து உடனே மூடிவிட்டேன்.

உன் பிரியமுள்ள மகள்,
எப்சிபா

—

ஜெப வீடு,
17.10.2025

எப்சிக்கு,

சுகமாக இருக்கிறேன். சாப்பாடு நேரத்துக்குக் கொடுக்கிறார்கள். நன்றாகப் படி. அப்பாவைப் பார்த்துக்கொள். அத்தை நிற்கிறார்.

அம்மா

—

பட்டாபிராம்,
30 அக்டோபர் 2025, வியாழன்

அன்புள்ள அம்மா,

உன் கடிதம் கிடைத்தது. ஐந்து வாக்கியம் இருந்தது. எண்ணியதற்கு மன்னித்துக்கொள், வேறு செய்ய ஒன்றும் இல்லை.

தீபாவளிக்கு பானு அக்கா முறுக்கும் அதிரசமும் கொடுத்தார். ஜெமி வெடிச் சத்தத்துக்குப் பயந்து என் சட்டைக்குள் தலையை விட்டுக்கொண்டாள். மாவட்டக் கட்டுரைப் போட்டியில் எனக்கு முதல் பரிசு. மேடையில் பெயர் கூப்பிட்டபோது ஒன்றுமே தோன்றவில்லை அம்மா. வலது கால், இடது கால் என்று நடந்து போய் வாங்கிக்கொண்டு வந்தேன். ஜெபத்தில் கண்ணை மூடினாலும் அப்படித்தான். இதை அப்பாவிடம் சொல்லவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். போன வாரம் ஜெமி என்னை 'அம்மா' என்று கூப்பிட்டாள். 'அக்கா' என்று திருத்தியிருக்க வேண்டும். நான் 'என்னடா' என்று கேட்டுவிட்டேன்.

நாளையோடு நீ ஜெபத்துக்கென்று போன நாற்பது நாள் முடிகிறது. ஞாயிறு ஆராதனையில் நீ எழுந்து, ஆண்டவர் உனக்குச் செய்த நன்மையைச் சாட்சியாகச் சொன்னால் திங்கட்கிழமை வீட்டுக்கு வந்துவிடலாம் அல்லவா? அத்தையிடம் கேட்டேன். "சாட்சி சொல்லாம வந்தா பாதி ஜெபத்துல எழுந்து வந்த மாதிரிடீ. ஒங்கப்பன் ஒத்துக்க மாட்டான். அனுசுயாவுக்குத்தான் வாய் வரலியே, நாலு பேர் முன்னாடி இன்னா சொல்லும்?" என்றார்.

அதனால் உன் சாட்சியை நானே எழுதியிருக்கிறேன். இத்துடன் இரண்டு பக்கம் இணைத்திருக்கிறேன். பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், கண்ணாடி இல்லாமலே படிக்கலாம். நம் சபையில் சொல்லும் சாட்சிகளையெல்லாம் நினைத்துப் பார்த்து, எல்லோரும் அல்லேலூயா சொல்லும் இடங்களில் ஒரு சின்னக் கோடு போட்டிருக்கிறேன். அங்கே கொஞ்சம் நிறுத்து. நீ நிமிர்ந்து பார்க்கக்கூட வேண்டாம். படித்துவிட்டு உட்கார்ந்தால் போதும்.

திங்கட்கிழமை உனக்குப் பிடித்த கத்தரிக்காய் காரக்குழம்பு வைக்கிறேன்.

அன்புடன்,
எப்சிபா

—

ஜெப வீடு,
7.11.2025

எப்சிக்கு,

நீ எழுதியதைத் திருப்பி அனுப்புகிறேன். பென்சிலால் அடித்திருக்கிறேன், கோபப்படாதே. நன்றாகத்தான் எழுதியிருக்கிறாய். கண்ணீர் ஆறாக ஓடியது என்று எழுதியிருக்கிறாய். நான் அழவே இல்லையே. ஆண்டவர் என் உள்ளத்தை ஆனந்தத்தால் நிரப்பினார் என்று எழுதியிருக்கிறாய். அவர் செய்தால் எனக்குத் தெரியும் அல்லவா? இன்னும் செய்யவில்லை. செய்யாததைச் செய்தார் என்று அவருடைய வீட்டிலேயே நின்று எப்படிச் சொல்வேன்?

அடித்துக்கொண்டே வந்ததில் முதல் இரண்டு வரிதான் மிஞ்சியது. 'என் பெயர் அனுசுயா. எனக்கு எப்சிபா, ஜெமிமா என்று இரண்டு பெண் பிள்ளைகள்.' அதன் கீழே நான் ஒரு வரி சேர்த்தேன். 'ஆகஸ்ட் மாதம் ஒரு ஆண் பிள்ளை பிறந்தான்.' அதை நீ எழுதவில்லை. அவன் வீட்டுக்கு வராமலே போய்விட்டான். வீட்டில் யாரும் அவனைப் பற்றிச் சொல்வதில்லை, நீயும் விட்டுவிட்டாய். உன்மேல் தப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்று அந்த மூன்று வரியையும் சொன்னேன். உட்கார்ந்துவிட்டேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. பாஸ்டரம்மா பக்கத்தில் வந்து முதுகைத் தடவிக்கொடுத்தார். நல்ல மனுஷி. "இது சாட்சி இல்ல சிஸ்டர். இன்னும் கொஞ்ச நாள் காத்திருப்போம்" என்றார். சரி என்றேன்.

எனக்கு இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் ஒன்றுபோலத்தான் இருக்கிறது. காரக்குழம்பு வைத்துக் காத்திருந்தாயா?

அம்மா

—

பட்டாபிராம்,
13 நவம்பர் 2025, வியாழன்

அம்மா,

காத்திருந்தேன். பிறகு நாங்களே சாப்பிட்டோம். உப்பு அதிகம்.

நடந்ததை ஒழுங்காக எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை மழைக்குப் பள்ளி விடுமுறை. நான் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஜெமி நாற்காலியில் ஏறி, அலமாரியிலிருந்த அப்பாவின் பெரிய வேதாகமத்தைக் கீழே தள்ளிவிட்டாள். அப்பா அதற்குள் ஜெபக் குறிப்புச் சீட்டுகளை வைப்பது உனக்குத் தெரியும். எல்லாம் தரையில் சிதறிவிட்டன. என் பரீட்சை நம்பர், அத்தையின் சர்க்கரை ரிப்போர்ட், யாருடைய வேலைக்கோ எழுதிய சீட்டு. எடுத்து அடுக்கும்போது ஆஸ்பத்திரியில் உன்னை வீட்டுக்கு அனுப்பியபோது கொடுத்த தாள் கையில் வந்தது. நாலாக மடித்து, நடுவில் அபிஷேக எண்ணெய் தொட்டு வைத்திருந்தது. எண்ணெய் பரவி எழுத்து மங்கியிருந்தாலும் படிக்க முடிந்தது.

ஆங்கிலத்தில் இருந்தது. அகராதியை வைத்துக்கொண்டு படித்தேன். கடைசியில் டாக்டர் பேனாவால் எழுதியிருந்தார். ஆறு வாரம் கழித்து அம்மாவைத் திரும்ப அழைத்து வர வேண்டும். தூங்காமலோ பேசாமலோ அழாமலோ இருந்தால், வீட்டிலுள்ள சின்னப் பிள்ளையைத் தூக்க மனம் வராவிட்டால், தாமதிக்காமல் மனநலப் பிரிவில் காட்ட வேண்டும். 'தாமதிக்காமல்' என்ற சொல்லுக்குக் கீழே இரண்டு கோடு.

ஆறு வாரம் எப்போதோ முடிந்துவிட்டது, அம்மா.

அன்றைக்குக் குடும்ப ஜெபத்தில் அப்பா வழக்கம்போல, "எப்சி, ஒன் ஜெபக் குறிப்பு இன்னாம்மா?" என்று கேட்டார். நான் தாளை நீட்டினேன். "இதப் படிங்கப்பா" என்றேன்.

"இது ஜெபத்துல வெச்சதும்மா. எடுக்கக் கூடாது."

"படிச்சிட்டுத் திரும்ப வெச்சிடலாம்பா."

அவருக்குப் புரியாத சொற்களை நான் சொன்னேன். அவர் ஒரு தடவை கேட்டார். பிறகு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். பிறகு, "நா இதப் படிக்கவே இல்லம்மா. ஆண்டவர்கிட்ட வெச்சிட்டேன், இனிமே அவர் பாத்துப்பாருன்னு இருந்துட்டேன்" என்றார். பென்சிலால் அடித்த உன் சாட்சியையும் கொடுத்தேன். மூன்றாவது வரியில் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். ஜெபம் தொடங்கவே இல்லை. ஜெமிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கள் முகத்தை மாறி மாறிப் பார்த்துவிட்டு, தானே ஒரு ஆமென் சொன்னாள்.

அப்பா சனிக்கிழமை லீவு போட்டிருக்கிறார். காலையில் பானு அக்காவின் வீட்டுக்காரர் ஆட்டோவில் உன்னை அழைக்க வருகிறார். திங்கட்கிழமை ஆஸ்பத்திரி. அத்தை, "சாட்சி சொல்லாமயேவா?" என்று கேட்டார். அப்பா, "அவ சொல்லிட்டா" என்றார்.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன். நீ சந்தோஷமாக இருப்பதாகச் சொன்னால்தான் வரலாம் என்று நினைத்து, அந்தச் சந்தோஷத்தை நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். வேண்டாம். ஒன்றும் தோன்றாவிட்டாலும் வா. எனக்கும் ஒன்றும் தோன்றவில்லை. அப்படியும் சோறு வைக்க முடிகிறது, ஜெமிக்கு நகம் வெட்ட முடிகிறது.

எப்சி

—

ஜெப வீடு,
14.11.2025

என் எப்சிக்கு,

உன் கடிதத்தை அத்தை வராந்தாவில் கொடுத்தார். ஜெபம் முடிந்து அவர் புறப்பட இரண்டு மணி நேரம் இருக்கிறது. அதனால் இன்று நிதானமாக எழுதுகிறேன்.

வருகிறேன். ஆஸ்பத்திரிக்கும் வருகிறேன். ஜெமி என்னைப் பார்த்துவிட்டு உன்னிடம் ஓடினால் அவளைத் திட்டாதே, என்னிடம் தள்ளவும் செய்யாதே. அவளை 'என்னடா' என்று கேட்டதற்கும் வருத்தப்படாதே. யாராவது கேட்கத்தான் வேண்டும்.

உன் முதல் கடிதம் தலையணை உறைக்குள்தான் இருந்தது. அன்று படித்தேன், ஆனால் ஒன்றும் உள்ளே போகவில்லை. இப்போது திரும்ப எடுத்துப் படித்தேன். மூன்று விஷயம் கேட்டிருந்தாய்.

குக்கரில் ஒரு டம்ளர் அரிசிக்கு மூன்று டம்ளர் தண்ணீர். புது அரிசி என்றால் இரண்டரை போதும். மூட்டை மாறும்போது முதல் நாள் பார்த்துக்கொள்.

ஜெமி தூங்குவதற்குப் பாட்டு எதுவும் இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு சும்மா முனகுவேன். அவள் காதை என் தொண்டையில் வைத்துக்கொள்வாள்.

குல்லா கீழ் டிராயரில் இருக்கிறது. நீ திறந்து மூடிய அதே டிராயர்தான். மேலே சின்னச் சட்டைகள் ஆறு, தொட்டில் துணி நாலு, பானு பின்னிக் கொடுத்த சாக்ஸ் ஒரு ஜோடி இருக்கும். அவற்றுக்கு அடியில் மஞ்சள் குல்லா. ஜெமிக்குச் சின்னதாகிவிட்டால் அவனுக்கு ஆகும் என்று நான்தான் அங்கே வைத்தேன்.

ஆட்டோவில் அவளும் வருவதாக இருந்தால் காற்று அடிக்கும். காலையிலேயே எடுத்து அவளுக்குப் போட்டுவிடு. பயப்படாதே, வெறும் துணிதான். எடுத்த சட்டைகளைக் கட்டில்மேல் அப்படியே வை. நீ மடிக்காதே.

நான் வந்து மடிக்கிறேன்.

அம்மா