முக்காக் காரு

அன்பு மாப்பிள்ளை தவசிலிங்கத்துக்கு,

சரவெடி கூடாது, பச்சைப் பட்டாசுதான் செய்ய வேண்டும் என்று டெல்லியில் தீர்ப்புச் சொல்லி, ஏழாயிரம்பண்ணைப் பக்கம் கம்பெனிகள் எல்லாம் கதவைப் பூட்டிப் போட்ட வருசம் அது. வேலைக்கு ஆள் ஏற்றிப் போகும் வேன்கள் என் டயர் கடைக்கு எதிரே வரிசையாகச் சும்மா நின்றன. கஜா புயல் தஞ்சாவூர்ப் பக்கத்தைப் புரட்டிப் போட்டுவிட்டு, நமக்குத் தூறலை மட்டும் அனுப்பியது. அந்தத் தூறலில்தான் நீ உன் பெரிய பைக்கில், பின் சக்கரத்தில் கார் டயரை மாட்டிக்கொண்டு, ஆமத்தூர் விலக்கில் என் கடை முன்னால் வந்து நின்றாய். ஞாபகம் இருக்கிறதா?

எனக்கு எழுத்து தெரியாது என்பது உனக்குத் தெரியும். நான் சொல்லச் சொல்ல உன் மகள் செல்விதான் எழுதுகிறாள். வரும் ஆடிப் பதினெட்டுக்குப் புது காலண்டர் ஆல்பத்துக்குப் பூஜை போடும்போது, வருகிறவர்கள் கையில் கொடுக்க இதை அச்சடிக்கப் போகிறாளாம். அதனால் உனக்குச் சொல்வதை ஊரும் கேட்கும். கேட்கட்டும். அதற்காகத்தான் சொல்கிறேன்.

அன்றைக்கு நீ வண்டியை விட்டு இறங்குவதற்குள் நான் கேட்டேன்.

"ஏன் மாப்ள, பின்னாடி மாட்டியிருக்கது என்ன?"

"கார் டயரு மச்சான்."

"அது எனக்கும் தெரியுது. மாட்டுனவன் எவன்?"

"விருதுநகர்ல ஒருத்தர். ரிம்முல ஏற மாட்டேன்னு அடம் பிடிச்சுச்சு. சோப்புத் தண்ணியைத் தடவி, காத்தை ஏத்தி, டப்புன்னு உக்கார வச்சுட்டாரு."

"வளைவு வந்தா எப்பிடிச் சாயுவ? பைக் டயரு உருண்டை, வண்டி கூடச் சாயும். இது பலகை மாதிரில்ல உக்காந்திருக்கும்?"

"நாக்பூருக்கு நேர் ரோடு மச்சான். நான் என்ன சர்க்கஸா காட்டப் போறேன்?"

பக்கத்து டீக்கடை மாடசாமி கிளாஸைக் கழுவிக்கொண்டே, "ஓனரு வாங்க, டிக்கியைத் திறந்து காட்டுங்க" என்றான். லாரி ஓட்டும் சங்கரப்பன் பெஞ்சிலிருந்து எழுந்துவந்து டயரைக் காலால் தட்டிப் பார்த்தான். "ஏலே, டோல்கேட்டுல உன்னைச் சும்மாவா விடுறான்? பாதிக் காசாவது கேப்பானே!" அப்போது நான் சொன்னேன்: "இது பைக்கும் இல்ல, காரும் இல்ல. முக்காக் காரு." கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய். டீயைக் குடித்துவிட்டு, அந்த சீசனில் விட்டுப்போன கடைகளுக்கென்று காலண்டர் ஆல்பப் பெட்டிகளை இரண்டு பக்கமும் தொங்கவிட்டபடி போய்விட்டாய்.

அந்தப் பெயர் ஊருக்குள் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டது. கல்யாண வீட்டில், கோயில் கொடையில், எங்கே பார்த்தாலும் "என்ன முக்காக் காரு, எப்ப வந்தீக?" நீ சிரித்த முகமாகவே பதில் சொல்வாய். சிரிக்கிறவனுக்கு வலிக்காது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

இங்கே ஒன்றை இதைப் படிக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். நம்மூர்க் காலண்டர் ஏஜெண்டுகள் ஆடிப் பதினெட்டில் அடுத்த வருசத்து மாதிரிகளைக் கோத்த ஆல்பம் வந்ததும் ஆர்டர் பிடிக்க ஊர் ஊராகக் கிளம்புவார்கள். மற்றவர்கள் ரயிலில், பஸ்ஸில் போனபோது நீ பைக்கில் போனாய். ரயில் நிற்காத ஊர்களில் உனக்குக் கடைகள் இருந்தன. ஆல்பம் லேசான சாமான் இல்லை. அந்தப் பாரத்துக்கும் அந்தத் தூரத்துக்கும் பின் டயர் ஒரு சீசனிலேயே பட்டன் தேய்ந்து வழவழப்பாகிவிடும். அதனால் கிளம்பும் முன்னும், தீபாவளிக்கு முந்தித் திரும்பி வந்த பின்னும், வண்டி என் கடையில் ஏறாமல் இருந்ததில்லை.

ஒரு டயருக்கென்று வந்தாலும் இரண்டு டயரையும் நான் உள்ளங்கையால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்துவிடுவேன். ஆணி, கண்ணாடி, உப்பல், வெடிப்பு எதுவானாலும் கைக்குத் தட்டுப்படும். என் கடைக்கு வரும் எந்த வண்டிக்கும் அப்படித்தான். அதற்குக் கூலி கிடையாது.

கார் டயர் மாட்டிய பிறகு உனக்கு அடிக்கடி டயர் மாற்றும் வேலை இல்லாமல் போனது. சரி. ஆனால் காற்றுப் பிடிக்கவாவது வந்திருக்கலாமே? நீ வரவில்லை. விருதுநகரில் பிடித்துக்கொண்டாய். என் கடையைத் தாண்டும்போது ஹாரனை மட்டும் அடித்துவிட்டுப் போவாய். கடைக்குள் உட்கார்ந்தபடியே நான் கையைத் தூக்குவேன், மாடசாமியைப் பார்த்து "முக்காக் காரு போவுது" என்பேன். ஏன் வரவில்லை என்று ஒரு நாளாவது யோசித்தேனா? இப்போது யோசிக்கிறேன்.

போன புரட்டாசியில் நீ ஊர் திரும்பும்போது, சாத்தூருக்கு இந்தப் பக்கம் நாலு வழிச் சாலையில் விழுந்தாய். பட்டப்பகல், காய்ந்த ரோடு. விழுந்ததைப் பார்த்தவர் யாரும் இல்லை. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் முதலில் பார்த்தது பின் சக்கரத்தைத்தான். பைக்கில் கார் டயர் இருந்தால் வேறு எதை யார் பார்ப்பார்கள்? போலீஸ்காரர் அதைத்தான் காட்டினார். வேடிக்கை பார்த்தவன் அதைத்தான் செல்போனில் படம் பிடித்தான்.

உன்னை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்திருந்தார்கள். பந்தல் நிறைய ஜனம். காரியாபட்டியிலிருந்து உன் பக்கத்துச் சொந்தம் எல்லாம் வந்திருந்தது. என் தங்கச்சி பாக்கியம் உன் தலைமாட்டில் உட்கார்ந்து, நீ போன ஊர்களின் பெயரை ஒவ்வொன்றாகச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள். நான் உள்ளே வந்தேன். துக்கம்தான். ஆனால் துக்கத்தோடு கூட வேறொன்றும் எனக்குள் இருந்தது, மாப்பிள்ளை. நான் சொன்னது பலித்துவிட்டது என்கிற நினைப்பு.

"அன்னைக்கே தலபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? அந்தக் கார் டயருதான்யா கொன்னுபோட்டுச்சு! அதை மாட்டுனவன் கையைத்தான் வெட்டணும்!"

அவ்வளவு சத்தமாகச் சொன்னேன். தெருவில் நின்றவர்களுக்கும் கேட்டது. பாக்கியத்தின் ஒப்பாரி பாதியில் நின்றது. அழுது ஓய்ந்துவிட்டாள் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவள் வாய்விட்டு அழவே இல்லை. கருமாதி முடிந்தது. தை வந்தது, பங்குனிப் பொங்கல் வந்தது. உன் பேச்சை யாராவது எடுத்தால் அடுப்படிக்குள் போய்விடுவாள். சோறு இறங்கவில்லை. செல்வி என்னிடம் வந்து, "மாமா, அம்மா பாதியாப் போயிட்டாக, நீங்களாச்சும் பேசுங்க" என்றாள். பேசினேன். "நடந்தது நடந்துபோச்சு தாயி" என்றேன். என்னத்தைப் பேசினேன்!

சித்திரையில் வண்டியை ஸ்டேஷனிலிருந்து விட்டார்கள். லோடு ஆட்டோவில் ஏற்றி என் கடைக்குத்தான் கொண்டுவரச் சொன்னேன். அந்தக் கார் டயரை என் கையால் கழற்றி அறுத்துப் போட வேண்டும் என்று கத்தியைத் தீட்டி வைத்திருந்தேன்.

கை போட்டுத் தடவினேன். பின் டயரில் ஒரு குற்றமும் இல்லை. அம்புட்டு மாசம் வெயிலில் கிடந்தும் பாதிக் காற்று நின்றது. ரிம்மை விட்டு ஒரு நூல் அசையவில்லை. விருதுநகர்க்காரர் ஒழுங்காகத்தான் உட்கார வைத்திருந்தார்.

பிறகு முன்னால் போனேன்.

முன் டயர் நான் மாட்டியது. கார் டயருக்கு முந்திய சீசனில் மாட்டியது. பாரம் எல்லாம் பின்னால் என்பதால் பட்டன் இன்னும் மிச்சம் இருந்தது. பார்க்கிறவனுக்கு இன்னும் ஓடும் என்றுதான் தோன்றும். ஆனால் பக்கவாட்டு ரப்பர் நெடுகிலும் வெடிப்பு, தண்ணீர் வற்றிய கண்மாய் மாதிரி. வயசாகி இறுகிப் போன ரப்பர். ஒரு பக்கம் நீளமாகப் பிளந்திருந்தது. விழுந்த அடியில் கிழிந்திருக்கும் என்று முதலில் என்னை நானே ஏமாற்றப் பார்த்தேன். கழற்றி உள்ளே கையை விட்டேன். உட்பக்கம் முழுக்க மாவு மாதிரி கறுப்புத் தூள். காற்றுப் போன டயர் ரிம்முக்கும் ரோட்டுக்கும் நடுவில் நசுங்கி ஓடினால்தான் அந்தத் தூள் வரும். ஆக, முதலில் டயர் வெடித்திருக்கிறது. அதற்கப்புறம்தான் நீ விழுந்திருக்கிறாய். விழுவதற்கு முன்னால் கொஞ்ச தூரம் வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்த்திருக்கிறாய்.

வருசத்துக்கு ரெண்டு தடவை என் கடைக்கு நீ வந்திருந்தால் அந்த வெடிப்பு என் கைக்குத் தப்பியிருக்குமா? நீ வராமல் இருந்ததற்கு எந்தக் காரணம்? டயரா, என் வாயா?

இந்த இடத்தில் செல்வி பேனாவை வைத்துவிட்டாள். "மாமா, இது வேணாம். நீங்களே உங்களை இப்பிடிச் சொல்லிக்கிறது அப்பாவுக்குப் பிடிக்காது." பிடிக்காதுதான். நீ அப்படிப்பட்டவன்தான். இருந்தாலும் எழுது என்றேன்.

அன்றைக்கே பாக்கியத்திடம் போனேன். அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கதவோரம் நின்று சொன்னேன்: "பாக்கியம், கார் டயரு இல்ல தாயி. முன் டயருதான் வெடிச்சிருக்கு. நான் மாட்டுனது. பழசாகிப் போச்சு, பாக்காம விட்டுட்டேன்."

அவள் நிமிரவில்லை. கை மட்டும் நின்றது.

"கார் டயரு போடச் சொன்னது யாருன்னு தெரியுமாண்ணே?"

"யாரு?"

"நான்தான். ஒரு தடவை அத்துவானக் காட்டுல பின் டயரு தேஞ்சு வெடிச்சு, விடிய விடிய வண்டியோட நின்னாக. கார் டயரு நாள்பட ஓடுமாம்லன்னு நான்தான் கேட்டேன். மச்சான் வைவாருன்னாக. வஞ்சா வாங்கிக்கிடுங்க, எனக்கு நீங்க நிக்காம வரணும்னேன்."

அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். ஏழு வருசம் நான் கேலி பேசியபோதெல்லாம் நீ ஒரு நாளும் "உன் தங்கச்சிதான் போடச் சொன்னா" என்று சொல்லவில்லையே, மாப்பிள்ளை. சொல்லியிருந்தால் என் வாய் அன்றைக்கே அடைத்திருக்குமே. பந்தலில் நான் வெட்டச் சொன்னது எவனோ ஒருவன் கையை என்று நினைத்தேன். அவள் இத்தனை மாசமும் தன் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்திருக்கிறாள்.

"இப்பத்தான் சொல்றேன்ல தாயி, அது இல்லைன்னு" என்றேன்.

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னைக்கு ஊரு கூடுன எடத்துல சொன்னீக. இன்னைக்கு அடுப்படியில வந்து சொல்றீக."

எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

அதிலிருந்து பார்க்கிறேன், அந்தச் சொல் ஊரில் எங்கெல்லாம் கிடக்கிறது என்று. கார் டயரைப் போட்டுச் செத்தவர் வீடு என்றுதான் அடையாளம் சொல்கிறார்கள். ஏஜெண்டுகள் கூட்டத்தில், "தவசி நல்ல மனுசன்தான், கொஞ்சம் கிறுக்கு" என்கிறார்கள். இந்த வருசம் உன் கடைகளுக்குச் செல்விதான் ஆல்பம் எடுத்துக்கொண்டு போகிறாள், ரயிலிலும் பஸ்ஸிலும். அவளிடமும் எவனாவது வடக்கே இதையே சொல்லி உச்சுக்கொட்டுவான். நான் பந்தலில் சொன்னது அம்புட்டுத் தூரம் போயிருக்கும்.

கார் டயரைப் பைக்குக்குப் போடுவது சரி என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன். என் கையால் போடவும் மாட்டேன். நீ இருந்தால் இதற்குச் சிரிப்பாய். ஆனால் உன்னைக் கொன்றது அது இல்லை.

ஆகையால் கேள், மாப்பிள்ளை. ஆடிப் பதினெட்டு அன்றைக்கு உன் வீட்டு வாசலில் ஆல்பத்துக்குப் பூஜை. ஏஜெண்டுகள், அச்சாபீஸ்காரர்கள், சொந்தம் பந்தம் எல்லாம் வருவார்கள். நான் முன் டயரை உருட்டிக்கொண்டு வருவேன். பந்தலில் எந்த இடத்தில் நின்று சத்தம் போட்டேனோ அதே இடத்தில் நிற்பேன். பாக்கியத்தை வெளியே வந்து உட்காரச் சொல்லுவேன். இந்தத் தாளைக் கொடுத்துவிட்டு ஓரமாக நின்றுகொள்ள மாட்டேன். அதே சத்தத்தில் சொல்லுவேன். யாருக்காவது சந்தேகம் இருந்தால் டயருக்குள் கையை விட்டுப் பார்க்கட்டும். தூள் அப்படியே இருக்கிறது.

இன்னொன்று. இனிமேல் என் கடைக்கு எவன் எந்த டயரை மாட்டிக்கொண்டு வந்தாலும், முதலில் கை போட்டு இரண்டையும் தடவிவிட்டுத்தான் வாயைத் திறப்பேன்.

உனக்கு வைத்த பெயரைத் திரும்ப வாங்க அன்றைக்குச் சிரித்த எல்லோரையும் கூட்டிக்கொண்டு வரலாம் என்றுதான் நினைத்தேன். மாடசாமி கொரோனாவில் போய்விட்டான், அது உனக்கே தெரியும், நீதான் அவனைத் தூக்கிப் போட்டாய். சங்கரப்பன் சர்க்கரையில் காலை எடுத்து, போன தையில் அவனும் உன்னிடம் வந்துவிட்டான். பார்த்தால் அவனிடமும் சொல். உனக்கு முக்காக் காரு என்று பெயர் வைத்த அந்த டீக்கடைப் பெஞ்சில் இன்னும் உயிரோடு மிச்சம் இருப்பது ஒரே ஒருத்தன்.

இப்படிக்கு,
உன் மச்சான் பால்சாமி.