சினிமாக் கம்ப்யூட்டரில் அருளைத் தேடியது

செவ்வாய், ஜூலை 8

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. சர்ச் ஹாலில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தரும் வகுப்பு முடிந்துவிட்டது. யாரும் சொல்லித் தராமல் நானே எழுதும் முதல் பக்கம். என் பெயர் அந்தோணி. அழகாக வந்திருக்கிறது. இன்னொரு தடவை: அந்தோணி.

மகள் ஸ்டெல்லாவுக்கு வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் ஆபீஸ். (இனி ஸ்டெ. கை வலிக்கிறது.) மகன் அருள், ஈஸ்டர் முடிந்த வாரம் பைக்கில் வேலைக்குப் போனவன். இன்றும் வரவில்லை. போன் ஆஃப்.

சாயங்காலம் டிவியில் போலீஸ் படம். காணாமல் போன ஒரு பையன். ஆபீசரம்மா கீபோர்டில் தட்டுகிறாள், பச்சை எழுத்து மழை மாதிரி ஓடுகிறது, மேப்பில் சிவப்புப் புள்ளி. பையன் கிடைத்துவிட்டான். எவ்வளவு சுலபம்!

புதன்

அதே படம், ரிமோட்டில் நிறுத்தி நிறுத்தி. இங்கிலீஷ் பெரிய எழுத்து எனக்குத் தெரியுமே! அந்தம்மா தட்டியதை அப்படியே காகிதத்தில் எழுதினேன். டி, ஐ, ஆர். ஒரு சாய்ந்த கோடு. கடைசியில் எஸ்ஸா, ஐந்தா? ரொம்ப நேரம் பார்த்தேன். எஸ்தான். சோறு அடிப்பிடித்தது.

வியாழன்

ஸ்டெ. வந்ததும் காகிதத்தைக் கொடுத்தேன்.

"இதை அடிம்மா. அருள் எங்க இருக்கான்னு காட்டும்."

சிரித்தாள். பிறகு சிரிக்கவில்லை. லேப்டாப்பில் அடித்தாள். ஓடியது! சினிமாவில் போலவே. மேப்புக்காகக் காத்திருந்தேன்.

"மேப் வராதுப்பா. இந்த லேப்டாப்புக்குள்ள என்னென்ன ஃபைல் கிடக்குன்னு லிஸ்ட் காட்டுது, அவ்ளோதான். வேகமா ஓடும், பாக்க ஜோரா இருக்கும். அதான் படத்துல போடறாங்க."

"அப்ப அந்தப் பையன் எப்படிக் கெடைச்சான்?"

"கதை எழுதினவன் கண்டுபிடிச்சான்."

"உங்க ஆபீஸ்ல பெரிய கம்ப்யூட்டர் இருக்குமே."

"நான் தேடாம இருப்பேனாப்பா? அவன் நம்பர், ஃப்ரெண்ட்ஸ், எல்லாம் பாத்துட்டேன். ஒண்ணுமே இல்ல."

துப்பட்டாவால் முகத்தைத் துடைத்தாள்.

என்னவென்று தெரியாதவரை அந்தப் பச்சை எழுத்தில் என்னவோ இருந்தது.

வெள்ளி

வெயில். பசி இல்லை. அருள். மூன்றே எழுத்து. பக்கம் முழுவதும்.

சனி

ஸ்டெ.யுடன் போலீஸ் ஸ்டேஷன், முன்பு கொடுத்த கம்ப்ளைன்ட் என்ன ஆயிற்று என்று கேட்க. இந்தத் தடவை கையெழுத்துப் போட்டேன், கைநாட்டு இல்லை. கான்ஸ்டபிள் தமிழும் கன்னடமும் கலந்து பேசினார். ஒரு விரலால் தட்டினார். நான் எழுதுவதே அதைவிட வேகம். ஸ்கிரீனை எட்டிப் பார்த்தேன். இங்கிலீஷ் பெரிய எழுத்து. முதல் வரி, அருள். எழுத்துக் கூட்டிக்கொண்டே கீழே வந்தேன். அடுகோடி!

"சார், அடுகோடியிலயா இருக்கான்? எங்க ஏரியாதான் சார்!" கத்திவிட்டேன். எல்லோரும் திரும்பினார்கள்.

"தாத்தா, அது நீங்க கம்ப்ளைன்ட்ல குடுத்த அட்ரஸ். உங்க வீடு."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல. ஏனாத்ரு பந்த்ரே ஃபோன் மாட்தீவி." ஏதாவது வந்தால் போன் செய்வார்களாம்.

ஸ்டெ. கையைப் பிடித்து வெளியே கூட்டி வந்தாள்.

அடுகோடி. சரியாகத்தான் படித்தேன்.