ஹாம் சூடேறும் கடைசி இருபது நிமிடம்

மச்சான்,

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கட்டைவிரலில் லவங்க வாசனை போகவில்லை. முப்பது தடவை என்று எழுதலாம்தான். உன்னிடம் அளந்து என்ன பிரயோஜனம், நீ நம்பப்போவதில்லை. நம் கும்மிடிப்பூண்டி கெஸ்ட் ஹவுஸ் சமையல்கட்டின் பின்வாசலில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். கிறிஸ்துமஸ் விருந்து இப்போதுதான் முடிந்தது.

முதன்முதலாக ஹாம் வந்த நாளை நினைத்துக்கொண்டேன். கம்பெனிக்கு வந்திருந்த வெளிநாட்டு இன்ஜினியர்களுக்காக ஐஸ் பெட்டியில் வைத்து அனுப்பியிருந்தார்கள். உப்பில் ஊறவைத்து, புகை காட்டி, முழுக்க வேகவைத்துப் பிளாஸ்டிக்கில் சுற்றிய பன்றித்தொடை. என் எடை இருந்தது. சரி, ஆறு கிலோ. எட்டாவது வரை படித்தவனுக்கு மேலே ஒட்டியிருந்த இங்கிலீஷைப் படிக்கவா தெரியாது? கண்ணாடி கையில் இல்லை, அவ்வளவுதான். ஆட்டுத்தொடை மாதிரி என்று பாதியை வெட்டி, மஞ்சள்தூள் தடவி, குக்கரில் வைத்தேன். ஐந்தாவது விசிலில் நீ ஓடிவந்தாய்.

"யோவ், இன்னா பண்ணிக்கினு கீற? வெந்தத மறுபடி வேக வைக்கிறியே, செத்தவன சாவடிக்கிறியா?"

மீதிப் பாதியை நீ எடுத்துக்கொண்டாய். நீ கப்பலில் சமைத்தவன். நானும் கப்பலில் இருந்ததாகத்தான் ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தேன். ஏறியதென்னவோ பழவேற்காட்டுப் படகு. வெட்டிய பக்கம் கீழே இருக்கும்படி தட்டில் வைத்து, அடியில் ஒரு டம்ளர் தண்ணீரும் ஆரஞ்சுத் தோலும் போட்டு, அலுமினியத் தாளால் காற்றுப் புகாமல் மூடி, ஓவனைச் சின்னச் சூட்டில் வைத்தாய். கொழுப்பின் மேல் கத்தியால் கட்டம் கட்டமாகக் கீறி, மூலைக்கொரு லவங்கம் குத்தியிருந்தாய். எனக்குப் பொறுமையில்லை. சூட்டைக் கூட்டு என்றேன்.

"நாம சமைக்கலடா. எழுப்புறோம். தூங்குறவன எழுப்புற மாதிரி மெள்ள எழுப்பணும்."

அன்றைக்கு அது எனக்குச் சிரிப்பாக இருந்தது.

அதன் பிறகு ஒன்பது கிறிஸ்துமஸ். ஒவ்வொரு முறையும் கடைசி இருபது நிமிடம் இருக்கும்போது நான் சட்டை மாற்றிக்கொண்டு சாப்பாட்டு ஹாலுக்குப் போய்விடுவேன். ஹாம் என் கைப்பக்குவம் என்று கதை விடுவேன். ஜெர்மன்காரர் ஒருவர் வாயில் வைத்ததும் அழுதார் என்பேன். அவர் சாப்பிட்டது கூடவிருந்த பச்சைமிளகாய் என்பது உனக்கும் எனக்கும் மட்டும் தெரியும். நீ உள்ளே, மேலே எதையோ பூசி, கரண்டியைத் தட்டின் விளிம்பில் மூன்று தடவை தட்டுவாய். அதுதான் எனக்கு அழைப்பு. வந்து தூக்கிக்கொண்டு போவேன். அந்த இருபது நிமிடத்தை நான் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, மச்சான்.

போன வருஷம் தீபாவளி முடிந்த வாரம் நீ போய்ச்சேர்ந்துவிட்டாய். அடுத்த மாதமே ஹாம் வந்தது. பூச்சு பனைவெல்லமும் கடுகு விழுதும் என்று மோப்பத்திலேயே தெரியும். ஆரம்பத்திலேயே பூசி வைத்தேன். வெளியே கரி, உள்ளே தேங்காய் நார். புது மேனேஜர் தட்டைத் தள்ளிவைத்தார். இந்த வருஷமும் இப்படியென்றால் தை மாதத்திலிருந்து மெட்ராஸ் கேட்டரிங்காரருக்குச் சமையல்கட்டைக் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டார். எனக்காவது சொந்த வீடு இருக்கிறது. உன் இடத்துக்கு வந்த ராணிக்கு இரண்டு பிள்ளைகள், புருஷன் இல்லை. உன்னை அவள் பார்த்ததே இல்லை.

இன்று எல்லாம் நீ செய்தபடியே செய்தேன். தாளை எப்போது எடுப்பது, பூச்சை எப்போது பூசுவது என்பது மட்டும் தெரியவில்லை. வெல்லத்தைக் கரைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, தாம்பாளம் எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போனேன். மத்தியானம் பன்னிரண்டரை. மழை மூட்டம். தாம்பாளத்தைத் தேடியெடுக்க இருபது நிமிடம் ஆகிவிட்டது; திரும்பி வரும்போது வெல்லம் முறுகும் வாசனை எதிரே வந்தது.

மேடையில் அலுமினியத் தாள் நான்காக மடிந்திருந்தது. கிண்ணத்தில் பாதி இல்லை. பிரஷ் ஈரம். ஓவனுக்குள் ஹாம் திறந்து கிடந்து, தேன்நிறத்தில் பளபளத்தது. ஓவனின் சூட்டுக் குமிழ் கூடுதல் பக்கம் திருகியிருந்தது.

பின்கட்டில் அரிசி கழுவிக்கொண்டிருந்த ராணியைக் கூப்பிட்டேன். "உள்ள யாரு வந்தது?"

"யாரு வருவாங்க? நீதான அண்ணே இருந்த."

"நான் ஸ்டோர்ல இருந்தேம்மா."

"பேஜாரு பண்ணாத. இப்பதான கரண்டிய தட்ன, டக் டக் டக்னு. மூணு வாட்டி. ரெடி ஆயிடுச்சு போலன்னு நெனச்சேன்."

எதையும் நாலாக்கிச் சொல்கிறவன் நான். இதில் ஒன்றைக்கூடக் கூட்டவில்லை. சமையல்கட்டை ஒரு தடவை சுற்றிப் பார்த்தேன், யாரும் இல்லை. ஆனாலும் மணி ஒன்றாகிவிட்டதே, தூக்கிக்கொண்டு போனேன். கத்தி வைத்த இடத்தில் சாறு கசிந்தது. மேனேஜர் இரண்டாம் தடவை வாங்கினார். மூன்றாம் தடவையும்.

"பிரமாதம்யா. போன வருஷம் இன்னா ஆச்சு உனக்கு? இந்தக் கைய எங்க ஒளிச்சு வச்சிருந்த?"

வாயைத் திறந்தேன். வழக்கமான பொய் தயாராக இருந்தது. வரவில்லை.

"என் கை இல்ல சார். ஒன்பது வருஷமாவும் என்னுது இல்ல. இங்க இருந்த இன்னொரு குக் செஞ்சது."

"அப்ப அவர கூப்புடு, பாக்கலாம்."

"அவரு போன வருஷமே செத்துட்டாரு சார்."

மேனேஜர் விழுந்து விழுந்து சிரித்தார். "இவன் கதைய கேட்டுக்கினே சாப்புடலாம்யா. கேட்டரிங்காரன் வேணாம், இவங்களே இருக்கட்டும்." ராணி கதவோரம் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பிழைத்தோம், மச்சான். வாழ்க்கையில் முதல்முறையாக உன் பங்கை உனக்கென்று எழுந்து நின்று சொன்னேன். ஒருத்தரும் நம்பவில்லை. அதை நான் யாரிடம் போய் நிரூபிப்பேன்? வருகிற வருஷமும் ஹாம் வரும். கடைசி இருபது நிமிடம் ஹாலுக்குப் போகமாட்டேன். ஓவனுக்கு இடப்பக்கமாக, என் இடத்தில், வாயை மூடிக்கொண்டு நிற்பேன். உன் இடமான வலப்பக்கம் திரும்பிப் பார்க்கமாட்டேன்.