ஏழாம் எண் சிலுவை

மார்ச் 3
பாதி நாள் பதிவறையிலேயே போயிற்று. இந்த அலுவலகம் கன்னியர் மடமாக இருந்தபோது அதுதான் ஜெபக்கூடம். கீழ்த்தட்டுக் கோப்பை எடுக்க இப்போதும் மண்டியிடத்தான் வேண்டியிருக்கிறது. மதியம் பின்பக்கத் தோட்டத்தில், இங்கே கன்னியராக இருந்து இறந்த அக்காவின் கல்லறைக்குப் பக்கத்தில் சாப்பிட்டேன். மேலாளரைப் பற்றி நிறையப் புலம்பினேன். பதினாலு வருஷமாக வாய் திறக்காமல் கேட்கிறாள். உயிரோடு இருந்தபோது இவ்வளவு பொறுமை கிடையாது.

மார்ச் 6
தோட்டத்தில் வண்டி நிறுத்தக் கொட்டகை வருகிறதாம். இருபத்திரண்டு கல்லறைகளையும் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு மாற்றுகிறார்கள். சொந்தக்காரர் மனுக் கொடுத்தால் தனிக் குழி, பெயர்ப் பலகை. மற்றவர்களுக்கெல்லாம் ஒரே குழி. மாதக் கடைசிவரை அவகாசம்.

சிலுவைகளில் எண் மட்டும்தான் இருக்கிறது. அடக்கத்துக்குக்கூட வீட்டாரை உள்ளே விடாத மடம் இது.

"உங்க அக்கா ஏழுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் மேலாளர்.

"அவ ஏழாம் ரூம்லதான் சார் இருந்தா. லெட்டர்ல அப்படித்தான் போடுவா."

"ரூம் மொத்தமே பதினாறு. சிலுவை நாப்பது வரைக்கும் போகுதே?"

இது எனக்கு இத்தனை வருஷம் உறைக்கவே இல்லை.

மார்ச் 9
மடத்தில் இருந்தவர்களில் சலவை சிஸ்டர் ஒருவர்தான் மிச்சம். முதியோர் இல்லத்தில் இருக்கிறார். போனில் பிடித்தேன்.

"அது துணியில தைக்கிற நம்பர்மா. சேரும்போது குடுப்போம். சிலுவையிலயும் அதேதான். எல்லாம் சலவை நோட்டுல இருக்கு. கட்டடத்தைக் குடுத்தப்ப உங்க ஆபீஸ்லதானே விட்டுட்டு வந்தோம்?"

மார்ச் 10
அழிக்கப்பட்ட ஆவணங்களின் பட்டியல், பதினொரு வருஷத்துக்கு முந்தையது. வரிசை எண் 63: 'பழைய சலவை நோட்டு, ஒன்று. பயனற்றது.' கீழே என் கையெழுத்து.

படுபாவி, பிரிச்சாவது பாத்தேனா? ஒரு பக்கம் — ஒரே ஒரு பக்கம் புரட்டியிருந்தா அவ பேரு கண்ணுல பட்டிருக்குமே!

மார்ச் 11
எழுத மனமில்லை.

மார்ச் 17
சிஸ்டரை நேரில் பார்த்தேன். அக்காவை நன்றாக நினைவிருக்கிறது. ஜெபத்தின் நடுவே சிரித்துத் திட்டு வாங்குவாளாம். எண்தான் வரவில்லை. யோசித்து யோசித்து, கடைசியில் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டார்.

"அப்ப ஏழு யாரு சிஸ்டர்?"

"ஏழா? சமையல் சிஸ்டர். அப்பா அம்மா யாருன்னே தெரியாது அவளுக்கு. கடைசி வரைக்கும் அவளப் பாக்க ஒருத்தரும் வந்ததில்ல. இப்ப யாராச்சும் வர்றாங்களா?"

"தினமும் வர்றாங்க சிஸ்டர்."

பெயரைச் சொன்னார். எழுதிக்கொண்டேன்.

மார்ச் 31
கடைசி நாள். அக்கா மற்றவர்களோடு அந்த ஒரே குழிக்குத்தான் போகிறாள். அங்கே அவளை அனுப்பியது நான்தான். இதை எங்கும் மாற்றி எழுத முடியாது.

மாலை, அலுவலகம் மூடுவதற்குள் ஒரு மனுக் கொடுத்தேன். சிலுவை எண்: ஏழு. இறந்தவருக்கு மனுதாரர் என்ன உறவு என்ற இடத்தில் 'தங்கை' என்று எழுதினேன். மேலாளர் படித்தார், என்னைப் பார்த்தார், முத்திரை குத்தினார்.